அமெரிக்கக் கல்யாணத்துல பூட்டனியர், கோர்சாஜ் யார் யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்ம வீட்டுப் பொண்ணோ பையனோ ஒரு அமெரிக்கக் குடும்பத்துல சம்பந்தம் பண்ணும்போது, கல்யாணத்துக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி பூக்கடையிலருந்து ஒரு ஃபார்ம் வரும், பூட்டனியர் எத்தனை, கோர்சாஜ் எத்தனை, யார் யாருக்குன்னு பேரோட எழுதி அனுப்புங்கன்னு. அங்கதான் நம்ம ஆளுங்க முழிக்கிறாங்க. நான் நியூஜெர்சில கல்யாணப் பூ வேலை செய்யுற ஒரு கடையில இருக்கேன், தமிழ்க் குடும்பங்கள் வந்து கேக்குற கேள்விகளை எல்லாம் இங்க ஒண்ணா எழுதி வச்சிருக்கேன். கிறிஸ்தவ முறைல சர்ச்சுல நடந்தாலும் சரி, தோட்டத்துலயோ ஹால்லயோ நடந்தாலும் சரி, இந்தப் பூ விஷயம் பெரும்பாலும் ஒண்ணுதான்.

முதல்ல, பூட்டனியர்னா என்ன, கோர்சாஜ்னா என்ன?

பூட்டனியர் ஆம்பளைங்க கோட்டுல குத்திக்கிற சின்னப் பூ. ஒரே ஒரு ரோஜா இல்லன்னா கார்னேஷன் (ஓரம் சுருள் சுருளா இருக்கிற அடுக்கு இதழ் பூ), கூட ஒரு இலை, அவ்வளவுதான். பிரிட்டன்ல இதையே பட்டன்ஹோல்னு சொல்லுவாங்க. கோர்சாஜ் பொம்பளைங்களுக்கு, கொஞ்சம் பெருசா ரெண்டு மூணு பூ, ரிப்பன் எல்லாம் வச்சு கட்டுவாங்க. அதை ட்ரெஸ்ல குத்திக்கலாம், இல்ல எலாஸ்டிக் பட்டையோட மணிக்கட்டுல போட்டுக்கலாம். இப்ப பெரும்பாலும் மணிக்கட்டு கோர்சாஜ்தான் கேக்குறாங்க.

கல்யாணத்துல இதைப் போட்டிருக்கிறவங்களைப் பார்த்ததுமே வந்தவங்களுக்குத் தெரிஞ்சிடும், இவங்க மாப்ள பொண்ணுக்கு ரொம்ப நெருக்கமானவங்கன்னு. அதனாலதான் இது யாருக்கு உண்டு யாருக்கு இல்லங்கறதுல இவ்ளோ மனஸ்தாபம் வருது.

பூட்டனியர் யாருக்கெல்லாம் குடுக்கணும்?

மாப்பிள்ளைக்கு, மாப்பிள்ளைத் தோழன் பெஸ்ட் மேனுக்கு, கூட நிக்கிற க்ரூம்ஸ்மென் எல்லாருக்கும், வர்றவங்களை உக்கார வைக்கிற அஷர்களுக்கு, ரெண்டு பக்க அப்பாக்களுக்கு, ரெண்டு பக்க தாத்தாக்களுக்கு. மோதிரம் எடுத்துட்டு வர்ற சின்னப் பையனுக்கு ஒரு குட்டி பூட்டனியர். இவ்வளவுதான் அடிப்படை லிஸ்ட். இதுக்கு மேல பைபிள் வாசிக்கிறவர், பாடுற சொந்தக்காரர், கல்யாணத்தை நடத்தி வைக்கிறவர் இவங்களுக்கும் குடுக்கலாம், குடுத்தா சந்தோஷப்படுவாங்க. ஆனா சர்ச் பாதிரியார் அங்கி போட்டுக்கிட்டு நடத்துறாருன்னா அவருக்கு வேண்டாம், அங்கி மேல பூ குத்த மாட்டாங்க. தெரிஞ்ச நண்பர் ஒருத்தரே சூட் போட்டு நின்னு நடத்தி வைக்கிறாருன்னா தாராளமா குடுங்க.

மாப்பிள்ளையோட பூ மத்தவங்களோடதுலருந்து கொஞ்சமாவது வேற மாதிரி இருக்கணும். பொண்ணு கையில வச்சிருக்கிற பொக்கேல என்ன முக்கியமான பூவோ அதுலருந்து ஒண்ணு மாப்பிள்ளைக்கு, மத்தவங்களுக்கு அதே கலர்ல சாதாரணப் பூ, இப்படித்தான் நாங்க கட்டுவோம்.

கோர்சாஜ்?

ரெண்டு பக்க அம்மாக்கள், பாட்டிகள். இது கட்டாயம்னே வச்சுக்கோங்க. இதுக்கு அப்புறம் ஞானத்தாய், பொண்ணை வளர்த்த அத்தை, வாசிக்கிற பெண், நடத்தி வைக்கிறவங்க பெண்ணா இருந்தா அவங்க. கல்யாணப் பொண்ணுக்கும் அவ கூட நிக்கிற தோழிகளான பிரைட்ஸ்மெய்டுகளுக்கும் கோர்சாஜ் கிடையாது, அவங்க கையில பொக்கே இருக்குமே. முன்னாடில்லாம் பொண்ணோட பொக்கே நடுவுல ஒரு சின்ன கொத்தைத் தனியா கழட்டுற மாதிரி கட்டுவாங்க, ரிசப்ஷன் முடிஞ்சு ஹனிமூனுக்குக் கிளம்பும்போது பொண்ணு அதை மட்டும் உருவி டிராவல் ட்ரெஸ்ல குத்திக்கிட்டுப் போவா. இப்ப யாரும் கேக்கறதில்ல, ஆனா எனக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

எங்க பக்கம் பெரியப்பா, சித்தப்பா, மூணு மாமா, நாலு அத்தை. எல்லாருக்கும் குடுக்கணுமா?

இதுதான் நம்ம வீடுகள்ல முதல் கேள்வி. அமெரிக்க வழக்கத்துல பெரியப்பா சித்தப்பாக்களுக்கு கிடையாது, குடுக்கலன்னா அவங்க ஊர்ல யாரும் தப்பா எடுத்துக்கவும் மாட்டாங்க. ஆனா நம்ம பக்கம் அப்படி இல்லையே. தாய்மாமனுக்கு ஒண்ணும் இல்ல, பொண்ணோட காலேஜ் ஃப்ரெண்டுக்கு பூ இருக்குன்னா ஊருக்குப் போயும் பேசுவாங்க. என்னோட யோசனை, கல்யாணத்துல ஒரு வேலை இருக்கிறவங்க, பொண்ணு மாப்பிள்ளையை வளர்த்ததுல பங்கு இருக்கிறவங்க, இந்த ரெண்டு வகையில வர்றவங்களை மட்டும் சேருங்க. தாய்மாமா ஒருத்தர் இருந்தா அவருக்கு ஒரு பூட்டனியர், தப்பே இல்ல. அப்பா இல்லாத பொண்ணை பெரியப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாருன்னா அவருக்கு அப்பாவுக்குக் குடுக்கிற அதே பூதான், அதுல பேச்சே இல்ல.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ஒரு பக்கத்துல சேர்த்தா மறு பக்கத்துலயும் அதே உறவுக்குச் சேர்க்கணும். உங்க பக்கம் மூணு அத்தைக்கு கோர்சாஜ் குடுத்துட்டு சம்பந்தி பக்கம் அத்தைகளை விட்டுட்டா நல்லா இருக்காது. லிஸ்ட்டை முடிக்கிறதுக்கு முன்னாடி சம்பந்தியம்மாகிட்ட ஒரு போன் போட்டு உங்க பக்கம் யார் யாருன்னு கேளுங்க, அந்த ஒரு போன்லயே பாதி உறவு கட்டியாச்சு.

சம்பந்தி வீட்டுல அப்பா அம்மா டைவர்ஸ் ஆகி ரெண்டு பேரும் மறுபடி கல்யாணம் பண்ணியிருக்காங்க. யாருக்குக் குடுக்கறது?

எல்லாருக்கும். அம்மாவுக்கு, அப்பாவோட இப்போதைய மனைவிக்கு, அப்பாவுக்கு, அம்மாவோட இப்போதைய கணவருக்கு. அமெரிக்கால இது ரொம்ப சாதாரணமா நடக்குற விஷயம், பூக்கடை ஃபார்ம்லயே ஸ்டெப் மதர், ஸ்டெப் ஃபாதர்னு தனி வரி இருக்கும். பெத்த அம்மாவுக்குக் கொஞ்சம் வித்தியாசமா, ஒரு பூ கூட வச்சுக் கட்டுறது உண்டு, அதை நாசூக்கா பண்ணணும், பாக்குறவங்களுக்கு ஒருத்தரை உயர்த்தி ஒருத்தரை இறக்குன மாதிரி தெரியக்கூடாது. ஒரே வீட்டுல பத்து வருஷமா அந்தப் பையனுக்கு சமைச்சுப் போட்டு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டவங்க கையில பூ இல்லாம உக்காந்திருந்தா அது போட்டோல என்னைக்கும் இருக்கும். இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது, அதனால நீங்களா முடிவு பண்ணாம மாப்பிள்ளைகிட்டயே கேட்டுடுங்க, அவர் சொல்றதுதான் கடைசி.

இதுக்கெல்லாம் காசு யார் குடுக்கறது?

பழைய அமெரிக்க வழக்கப்படி சர்ச் அலங்காரம், மேஜைப் பூ, பிரைட்ஸ்மெய்ட் பொக்கே எல்லாம் பொண்ணு வீட்டு செலவு. பொண்ணு கையில பிடிக்கிற பொக்கே, ஆம்பளைங்க பூட்டனியர், அம்மா பாட்டி கோர்சாஜ் இதெல்லாம் மாப்பிள்ளை செலவு. இப்ப பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே குடுத்துடறாங்க, இல்ல ரெண்டு வீடும் பங்கு போட்டுக்கறாங்க. விலை ஊரைப் பொறுத்து மாறும். பூட்டனியர் ஒண்ணு 15லருந்து 30 டாலர், கோர்சாஜ் 25லருந்து 50 டாலர்னு வச்சு கணக்கு போடுங்க, பெரிய நகரங்கள்ல அதுக்கும் மேல போகும். ஆர்க்கிட் கேட்டா ஏறும், கார்னேஷன் கேட்டா இறங்கும்.

எந்தப் பக்கம் குத்தணும்? எப்படி குத்தணும்?

ஆம்பளைங்களுக்கு எப்பவுமே இடது பக்க லேப்பல், அதாவது கோட்டுக் காலருக்குக் கீழ நெஞ்சுப் பக்கம் மடிஞ்சிருக்கிற பகுதி. விக்டோரியா ராணி 1840ல ஆல்பர்ட்டைக் கட்டிக்கிட்டப்போ அவங்க குடுத்த பூவைச் செருக அவர் கோட்டையே கத்தியால கீறி ஓட்டை போட்டார்னு ஒரு கதை சொல்லுவாங்க, அது நடந்துச்சோ இல்லையோ, 19ஆம் நூற்றாண்டுல கோட்டோட இடது லேப்பல்ல ஒரு பட்டன் ஓட்டை வச்சுத் தைக்கிறது வழக்கமாயிடுச்சு. நல்ல டெய்லர் தைச்ச கோட்டா இருந்தா லேப்பலைத் திருப்பிப் பாருங்க, அந்த ஓட்டைக்குக் கொஞ்சம் கீழ நூல்ல ஒரு சின்ன வளையம் இருக்கும், காம்பு ஆடாம நிக்கறதுக்குன்னே வச்சது. ஆனா இப்ப ரெடிமேட் கோட்டுல அந்த ஓட்டை பெரும்பாலும் சும்மா தைச்சு மூடியிருக்கும், அதனால பின்தான்.

பின் குத்துறதுல எல்லாரும் பண்ற தப்பு முன்னாடியிலருந்து குத்துறது. லேப்பலோட விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. பூ மேல பாக்கணும், காம்பு கீழ, லேப்பல் ஓரத்துக்கு இணையா லேசா சாய்ஞ்சு இருக்கட்டும். பின்னை லேப்பலுக்குப் பின்னாடியிலருந்து மேல கொண்டுவந்து, பச்சை டேப் சுத்தின தடிமனான காம்புல ஊடுருவ விட்டு, மறுபடி துணிக்குள்ள இறக்கி முனை பின்பக்கமே நிக்கிற மாதிரி விட்டுடுங்க. முன்னாடி முத்துத் தலையும் தெரியாது, முனை நெஞ்சுலயும் குத்தாது. பூ கனமா இருந்தா ரெண்டு பின், குறுக்க குறுக்க.

பொம்பளைங்களுக்கு அமெரிக்கால இடது தோள் பக்கம்தான் குத்துவாங்க, பிரிட்டன்ல வலது பக்கம் குத்துற பழக்கமும் உண்டு. மணிக்கட்டுன்னா இடது கை, வலது கை எல்லாரோடயும் கை குலுக்கவும் சாப்பிடவும் வேணுமே. இடது கைப் பழக்கம் உள்ளவங்களா இருந்தா மாத்திப் போட்டுக்கலாம்.

பின்னுக்குப் பதிலா காந்தம் வச்சுக் கட்டித் தரலாமா?

தரலாம், பட்டுத் துணிக்கு காந்தம்தான் நல்லது, ஓட்டை விழாது. ஆனா தயவு செஞ்சு இதைக் கவனிங்க, தாத்தாவோ அப்பாவோ பேஸ்மேக்கர் வச்சிருந்தா காந்தப் பூ கூடவே கூடாது. பேஸ்மேக்கரை பெரும்பாலும் இடது பக்கம் காரை எலும்புக்குக் கீழதான் வைப்பாங்க, பூட்டனியரும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான் வரும். இந்தக் காந்தம் சின்னதா இருந்தாலும் சக்தி அதிகம், பேஸ்மேக்கர்லருந்து குறைஞ்சது ஆறு இன்ச் தள்ளியாவது இருக்கணும். ஆர்டர் குடுக்கும்போதே கடைக்காரங்ககிட்ட இந்தப் பேருக்குப் பின் மட்டும்னு எழுதிக் குடுத்துடுங்க. குட்டிப் பசங்களுக்கும் காந்தம் வேண்டாம், கழட்டி வாயில போட்டு முழுங்கிட்டா குடலுக்குள்ள போய் பெரிய ஆபத்து.

நான் பட்டுப்புடவை கட்டப் போறேன், கை நிறைய வளையல். கோர்சாஜை எங்க போட்டுக்கறது?

மூணு வழி இருக்கு. ஒரு கையில மட்டும் வளையலைக் குறைச்சுட்டு அந்தக் கையில கோர்சாஜ் போட்டுக்கலாம், எலாஸ்டிக் பட்டை வளையலுக்கு மேல முழங்கை பக்கமா உக்காரணும், இல்லன்னா வளையல் பூவை இடிச்சு இடிச்சு ஒரு மணி நேரத்துல இதழ் எல்லாம் கறுத்துடும். ரெண்டாவது, முந்தானை மடிப்பை இடது தோள்ல பின் பண்ணியிருப்பீங்கல்ல, அந்த மடிப்பு நாலஞ்சு அடுக்கு இருக்கறதால கனம் தாங்கும், அந்த இடத்துல காந்தம் வச்ச சின்ன கோர்சாஜ் அழகா நிக்கும். ஒத்த அடுக்கு முந்தானைல பெருசா எதையும் குத்தாதீங்க, காஞ்சிபுரம் பட்டுல பின் இழுத்துச்சுன்னா ஜரிகை பிரிஞ்சுடும். மூணாவது, கிளட்ச் பர்ஸ்ல கட்டிக்கறது, இல்ல கையில பிடிக்கிற மாதிரி ஒரு குட்டி பொக்கே.

தலையில பூ வச்சிருக்கோமே, கோர்சாஜ் எதுக்குன்னும் கேக்குறாங்க. சம்பந்தியம்மா கையில ஒண்ணு இருந்து உங்க கையில இல்லன்னா அவங்களுக்குத்தான் சங்கடமா இருக்கும். மல்லியும் வச்சுக்கோங்க, அவங்க குடுக்கறதையும் போட்டுக்கோங்க.

எங்க வீட்டுக்காரர் வேட்டி சட்டை. எங்க தம்பி ஷெர்வானி. லேப்பலே இல்லையே?

இடது நெஞ்சுல, லேப்பல் இருந்தா பூ எங்க வருமோ அதே உயரத்துல. ஷெர்வானி துணி கெட்டி, பிரச்சனை இல்ல. பருத்திச் சட்டை பூ கனத்துக்குத் தொங்கிடும், அதனால ஒரே ஒரு ஸ்ப்ரே ரோஜா (ஒரே காம்புல கொத்தா பூக்கிற சின்ன ரோஜா) போதும்னு சொல்லிடுங்க, அங்கவஸ்திரம் போட்டுக்கிட்டா அதோட மடிப்புலயே குத்திக்கலாம், அது இன்னும் நல்லா இருக்கும்.

மாப்பிள்ளை ராணுவத்துல இருக்கார், யூனிஃபார்ம்லயே கல்யாணம்.

அப்ப பூட்டனியர் கிடையாது. யூனிஃபார்ம்ல இடது பக்கம் பதக்கங்கள் இருக்கும், அது மேல பூ வைக்கறது மரியாதை இல்ல. கூட நிக்கிறவங்கள்ல யார் யூனிஃபார்ம்ல வர்றாங்களோ அவங்களுக்கும் வேண்டாம், சூட்ல வர்றவங்களுக்கு மட்டும்.

பாக்கெட்ல கர்ச்சீஃப் மடிச்சு வச்சிருந்தா பூவும் வைக்கலாமா?

வைக்கலாம். கர்ச்சீஃப் வெள்ளையா அமைதியா இருந்தா ரெண்டும் சேரும். பூப்போட்ட பளபள கர்ச்சீஃப்னா ஏதாவது ஒண்ணு போதும்.

எந்தப் பூ நல்லது?

பூட்டனியருக்குத் தண்ணியே கிடையாது, காலைல குத்தினா ராத்திரி வரைக்கும் தாங்கணும், நடுவுல நூறு பேர் கட்டிப் பிடிப்பாங்க. அதனால அழகை விட கெட்டித்தனம் முக்கியம். கார்னேஷன், ஸ்ப்ரே ரோஜா, டெண்ட்ரோபியம் ஆர்க்கிட் இது மூணும் நம்பிக்கையானது. இலைக்கு யூகலிப்டஸ், ரோஸ்மேரி. ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம்னா திஸில் பூ கேப்பாங்க, முள்ளு முள்ளா இருக்கும், நாள் முழுக்க அசையாது. ஹைட்ரேஞ்சியா பாக்க அழகு, தண்ணி இல்லன்னா உடனே தொங்கிடும். கார்டீனியா வாசனை தூக்கும், ஆனா விரல் பட்ட இடம் எல்லாம் பழுப்பாயிடும். லில்லி ஆஃப் த வேலி விஷம் உள்ளது, குழந்தைங்க கிட்ட வேண்டாம்.

மல்லி வேணும்னு நம்மவங்க கேப்பாங்க. மல்லியை ஒத்தையா கம்பி சுத்தி வச்சா மதியத்துக்குள்ள வாடிடும். ஸ்டெஃபனோட்டிஸ்னு ஒரு பூ இருக்கு, வெள்ளை வெளேர்னு மெழுகு மாதிரி, நம்ம ஜாதிமல்லி சாயல்ல நல்ல வாசனையோட, அமெரிக்கக் கல்யாணங்கள்ல ரொம்ப காலமா வைக்கிற பூதான். அதுல ஒரு நாலஞ்சு பூ வச்சுக் கட்டினா ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமா இருக்கும். நான் நம்ம குடும்பங்களுக்கு முதல்ல சொல்றது இதைத்தான்.

வெள்ளைக் கார்னேஷன் வேண்டாம்னு சம்பந்தியோட பாட்டி சொல்றாங்க, ஏன்?

1908ல வெஸ்ட் வர்ஜீனியால அன்னா ஜார்விஸ் முதல் அன்னையர் தின ஆராதனைக்கு 500 வெள்ளைக் கார்னேஷன் அனுப்பினாங்க, அது அவங்க அம்மாவுக்குப் பிடிச்ச பூ. அதுக்கப்புறம் அன்னையர் தினத்துல அம்மா உயிரோட இருக்கிறவங்க கலர் கார்னேஷனும், அம்மா போயிட்டவங்க வெள்ளையும் குத்திக்கிற வழக்கம் வந்துச்சு. வயசானவங்க சிலருக்கு அந்த ஞாபகம் இருக்கும். பாட்டி சொல்றாங்கன்னா வாதம் பண்ணாம இளம் ரோஸ் கலருக்கு மாத்திடுங்க.

பொண்ணோட அப்பா இறந்துட்டார். அவருக்கு ஏதாவது செய்யலாமா?

செய்வாங்க. முன் வரிசைல அவர் உக்கார வேண்டிய நாற்காலியை விட்டு வச்சு அதுல அவருக்குன்னு கட்டின பூட்டனியரை வைப்பாங்க. இல்ல பொண்ணோட பொக்கே காம்புல அவரோட சின்ன போட்டோ லாக்கெட் ஒண்ணு கட்டுவாங்க. ஆனா பொண்ணோட அம்மாவால காலியான நாற்காலியைப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியுமான்னு முன்னாடியே கேளுங்க. முடியலன்னா லாக்கெட் போதும், அது பொண்ணுக்கு மட்டும் தெரியும்.

ரெண்டு மாப்பிள்ளை, இல்ல ரெண்டு பொண்ணு கல்யாணம்னா?

மாப்பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பூட்டனியர், ஒண்ணு போல வேணாம்னா ஒரே பூ வேற இலை. பொண்ணுங்க ரெண்டு பேரும் பொக்கே பிடிக்கலாம், ஒருத்தி சூட் போட்டா அவளுக்கு பூட்டனியர். மாப்பிள்ளை பக்கம் நிக்கிற தோழி, பொண்ணு பக்கம் நிக்கிற தோழன், இவங்களுக்கும் உடுப்பைப் பாத்துதான் முடிவு, எந்தப் பக்கம் நிக்கிறாங்கங்கறது கணக்கே இல்ல.

நான் சும்மா விருந்தாளி. நானே ஒரு ரோஜா குத்திக்கிட்டுப் போகலாமா?

அமெரிக்கால வேண்டாம். பாக்குறவங்க உங்களைக் கல்யாண வீட்டு ஆளுன்னு நினைச்சு முன் வரிசைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, போட்டோகிராஃபரும் குடும்பப் போட்டோவுக்குக் கூப்பிடுவார். பிரிட்டன்ல சில கல்யாணங்கள்ல வர்றவங்களுக்கும் ஆளுக்கு ஒரு கார்னேஷன் குடுக்கறது உண்டு, குடுத்தா வாங்கிக் குத்திக்கோங்க. தலையில மல்லி வச்சுக்கிட்டுப் போறதுல எங்கயுமே தப்பு இல்ல.

யார் கொண்டுவந்து குத்தி விடுவாங்க? எப்போ?

பூக்கடையிலருந்து பெட்டில வரும், ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதின சீட்டு இருக்கும். சடங்குக்கு முன்னாடியே குடும்பப் போட்டோ எடுக்கறாங்கன்னா அதுக்கும் அரை மணி நேரம் முன்னாடி எல்லாரும் குத்திக்கணும். இந்த வேலையை ஒரே ஒருத்தர்கிட்ட ஒப்படைங்க, ரெண்டு குடும்பத்தையும் முகம் பாத்துத் தெரிஞ்ச ஒரு அண்ணியோ ஃப்ரெண்டோ. அமெரிக்கப் பாட்டி யாரு, ஸ்டெப் பாட்டி யாருன்னு தெரியாத ஆள்கிட்ட பெட்டியைக் குடுத்தா மாறிப் போயிடும். பெட்டியை முந்தின நாளே வாங்கினா ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஆனா ஆப்பிள் வாழைப்பழத்தோட வைக்காதீங்க, பழத்துலருந்து வர்ற எத்திலீன் வாயுவுக்கு கார்னேஷன் சீக்கிரம் சுருங்கிடும். ஃப்ரீசர் பக்கத்துல வச்சாலும் இதழ் கருகிடும்.

கடைசி நேரத்துல யாரையோ விட்டுட்டோம்னு தெரிஞ்சா?

இதுக்குத்தான் லிஸ்ட்டுக்கு மேல ரெண்டு பூட்டனியர், ஒரு கோர்சாஜ் சேர்த்து ஆர்டர் பண்ணுங்கன்னு சொல்றேன், பேர் சீட்டு இல்லாம. மாப்பிள்ளையோடது கட்டிப் பிடிக்கிறதுல நசுங்கினாலும் மாத்திக்கலாம். அதுவும் தீர்ந்து போச்சுன்னா மேஜைப் பூவுலருந்து ஒரு ரோஜாவை எடுத்து, காம்பை ரெண்டு இன்ச் விட்டு நறுக்கி, ஒரு இலையோட சேர்த்து பச்சை டேப்பை நல்லா இழுத்து இழுத்து சுத்துங்க, இழுத்தாத்தான் அந்த டேப் ஒட்டும். ரெண்டு நிமிஷ வேலை. டேப் ஒரு சுருள், முத்துப் பின் ஒரு டப்பா, சின்னக் கத்திரி ஒண்ணு பொண்ணோட ரூம்லயே இருக்கட்டும்.